தங்கக் கொக்கில் ரத்தம்

போன் அலறியது.

அக்கா எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் புதைத்துக்கொண்டு, கத்தியின் இரும்பில் வெட்டிய பள்ளத்துக்குள் தலைமுடி கனமே உள்ள தங்கக் கம்பியைச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். பசை கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. பள்ளத்தின் அடியில் உளியால் கிளப்பிவிட்ட பொடிப் பற்கள்தான் தங்கத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டும். பாதியில் விட்டால் கம்பி எழுந்து நிற்கும்.

போன் ஓய்ந்தது. மறுபடி அலறியது...

கம்பியின் வாலையும் உள்ளே தட்டிவிட்டுத்தான் எடுத்தாள்.

"அக்கா... உட்கார்ந்திருக்கியா?"

தம்பி. அந்த வட்டாரத்து இன்ஸ்பெக்டர்.

"நின்னுக்கிட்டு யாராவது இந்த வேலையைப் பார்ப்பாங்களா? விஷயத்தைச் சொல்லு."

"அத்தானைப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு."

"கொலை முயற்சி கேஸ்ல பிடிச்சு வெச்சிருக்கேன்க்கா."

சுத்தியல் தரையில் விழுந்து உருண்டது.

அத்தானா? வீட்டில் ஒரு கரப்பான் பூச்சி வந்தால், மனுஷர் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் அது குடும்பத்தோடு இடம் மாறிவிடும். அவர் கொலை முயற்சியா?

ஆனால் தம்பி சொன்ன விவரம் வேறு மாதிரி இருந்தது.

ஷோகேஸ் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரும் பணக்காரர், கத்திப் பிரியர்கள் சங்கத் தலைவர். வீட்டில் சுவருக்குச் சுவர் கண்ணாடி அலமாரி, உள்ளே விதவிதமாகக் கத்திகள். அதனால் வந்த பட்டப்பெயர்தான் அது. அன்று காலை அவர் ஆர்டர் கொடுத்த புதுக் கத்தியை அத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். கத்தி அத்தான் தன் பட்டறையில் செய்தது. கைப்பிடியை ஒட்டிய இரும்புப் பட்டையில் தங்கக் கொக்கு பதித்தது அக்கா.

கொடுத்த இடத்தில் சண்டை. ஷோகேஸ் கொக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "வாத்து நல்லா வந்திருக்கே" என்றாராம்.

அத்தானுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீங்க வாழ்க்கையில ரிப்பன் தவிர எதையாவது வெட்டியிருக்கீங்களா?" என்று அவர் போட்ட சத்தம், பின்பக்கம் கார் கழுவிக்கொண்டிருந்த டிரைவருக்கே கேட்டது. அத்தான் எப்போது வெளியே போனார் என்று டிரைவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹாலில் ஒரு அலறல்...

ஓடிப்போய்ப் பார்த்தால் ஷோகேஸ் தரையில் மயங்கிக் கிடக்கிறார். இடது கையெல்லாம் ரத்தம். பக்கத்தில் தங்கக் கொக்குக் கத்தி. கொக்கின் மேலும் ரத்தம்!

மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, பட்டறைக்காரன் வெட்டிவிட்டான் என்பதுதான்.

போதாக்குறைக்கு, தம்பி அங்கே போய் இறங்கியபோது காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி யார் தெரியுமா? சாட்சாத் அத்தான்.

ஸ்டேஷனில் அத்தான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பரிசு வாங்க வந்தவர் மாதிரி.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டினீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குத் திரும்ப அந்த வீட்டுக்குப் போனீங்க?"

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

"என்கிட்டயும் இதே மின்விசிறிதான்க்கா" என்றான் தம்பி. "வாயைத் திறக்க மாட்டேங்கறார். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயாகணும். ஷோகேஸ் வைக்கிற வக்கீலுக்கு முன்னால இவருக்கு ஜாமீன்கூடக் கிடைக்காது. நான் மச்சான்ங்கறதால என் கையையும் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுச்சு."

அக்காவுக்குக் கண் கலங்கியது. குனிந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

அத்தானின் இடது முன்கை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைப்பாடு முதலில், கூர் கடைசியில். கூரான கத்தியை வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் இறுக்கிவைத்து அதன் மேல் சுத்தியல் தட்டினால் அக்காவுக்கு விரல் மிஞ்சாது. அதனால் அவளிடம் வருவதெல்லாம் மொக்கைக் கத்திதான். அவள் தங்கம் பதித்து முடித்த பிறகு அத்தான் சாணை பிடிப்பார். கூர் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, இடது முன்கை முடியைச் சவரம் செய்து பார்ப்பார். மாப்பிள்ளைக்கு ஒரு கையில் மட்டும் முடியே இல்லையே, ஏதாவது வியாதியா என்று கல்யாணத்தின்போது பெண் வீட்டில் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள்.

எப்போதும் மழமழவென்று இருக்கும் அந்தக் கையில் இன்று... முடி முளைத்திருந்தது!

"தம்பி, அந்தக் கத்தியைக் காட்டு."

ரத்த மாதிரி எடுத்து முடித்துப் பாலிதீன் உறையில் போட்டிருந்தார்கள். அக்கா உறையோடு வாங்கி, விளிம்பு மேலே வரும்படி டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்தாள். அடியிலிருந்து நுனி வரை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று ஓடியது.

"பாரு, இதுல வெளிச்சம் உட்கார்ந்திருக்கு. சாணை பிடிச்ச கத்தியில வெளிச்சம் உட்கார இடமே இருக்காது. இது தக்காளியைக்கூட வெட்டாது."

கொலைகாரன் என்றபோது நிமிர்ந்திருந்த அத்தான், இப்போது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"மறந்துட்டீங்களா?"

"ராத்திரி உன் கொக்கையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அது பறந்துடும் போல இருந்தது. அப்படியே பெட்டியில வெச்சு மூடிட்டேன்... பாதித் தெருவுலதான் ஞாபகம் வந்துச்சு. எதையாவது சொல்லித் திரும்ப வாங்கிட்டு வந்துடலாம்னு போனேன்."

"இதைச் சொல்லியிருந்தா காலையிலயே விட்டிருப்பானே."

"சாணை பிடிக்காம கத்தி கொடுத்தான்னு வெளியில தெரிஞ்சா? ஜெயிலே தேவலாம்மா."

அக்காவுக்கு அவரை நாலு வாங்கு வாங்கலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஸ்டேஷன் என்பதால் இரண்டையும் ஒத்திவைத்தாள்.

தம்பி இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "ஆனா வெட்டுப்பட்டது நிஜம்க்கா. இடது கை, மூணு விரல் நுனி. ஒரே நேர்க்கோட்டுல, சுத்தமான வெட்டு."

"விரல் நுனியா... சமையலறையைப் பார்த்தியா?"

"இல்லையே."

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கும் பழக்கம் அவனுக்குச் சொந்த வீட்டிலேயே கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஷோகேஸ் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மூன்று விரலுக்கும் கட்டு. அத்தானைக் கண்டதும், இவனை ஏன் இங்கே கூட்டி வந்தீர்கள் என்று எரிந்து விழுந்தார்.

அக்கா உறையிலிருந்து கத்தியை உருவினாள். சட்டம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

அவள் தன் உள்ளங்கையில் கத்தியை வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்தாள்!

"ஐயோ..." ஷோகேஸ் போர்வைக்குள் போய்விட்டார்.

"வெளிய வாங்க. ஒண்ணும் ஆகல."

போர்வை விலகியது. முதலில் ஒரு கண், அப்புறம் இன்னொன்று. அக்காவின் உள்ளங்கையில் ஒரு சிவந்த தடம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"வெட்டலயா?"

"வெட்டாது. இதுக்குச் சாணையே பிடிக்கல."

ஷோகேஸ் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ தப்பு என் மேல இல்லையா? வெட்டவே தெரியாதவன்னு சொல்லிட்டுப் போறானே, ஒரு கை பார்ப்போம்னு வெள்ளரிக்காயை வெச்சேன். சமையல்காரர் லீவு, யாரும் பார்க்க மாட்டாங்க. எம்பி எம்பி அழுத்தறேன், காய் நசுங்குதே தவிர வெட்டுப்படல. சரி, எனக்குத்தான் வரலன்னு சமையலறைக் கத்தியை எடுத்து, அதே பலத்துல ஒரே அழுத்து..."

நிறுத்தினார். அறையில் எல்லோரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக இருமினான்.

"ரத்தம்னா எனக்கு ஆகாது" என்றார் ஷோகேஸ், குரல் இறங்கி. "தங்கக் கத்தியை மட்டும் தூக்கிட்டு ஹாலுக்கு ஓடி வந்தது ஞாபகம் இருக்கு. முழிச்சுப் பார்த்தா, புதுக் கத்தியைப் பார்க்க வந்த சங்கத்து ஆளுங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. யார் வெட்டினதுன்னு கேட்டா... வெள்ளரிக்காய்னு எப்படிங்க சொல்றது?"

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். என்ன மனுஷர்களடா என்று இருவர் மேலும் கோபமாக வந்தது.

பிறகு சமாதானப் பேச்சு. அத்தான் கத்திக்குச் சாணை பிடிக்க மறந்ததை ஷோகேஸ் வெளியில் சொல்ல மாட்டார். வெள்ளரிக்காயை அத்தான் சொல்ல மாட்டார். புகார் வாபஸ். கத்தி ஷோகேஸ் கைக்கே திரும்பியது. பொய்ப் புகாருக்கு இன்ஸ்பெக்டர் விட்ட டோஸில் ஷோகேஸ் இன்னொரு தடவை மயங்கப் பார்த்தார்.

"கத்தியைக் கொடுங்க, இப்பவே சாணை பிடிச்சுத் தரேன்" என்று அத்தான் பெரிய மனசோடு கை நீட்டினார்.

ஷோகேஸ் கத்தியைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். "வேண்டவே வேண்டாம். இப்படியே இருக்கட்டும். அலமாரியில வெச்சுக் கொக்கை மட்டும் பார்த்துக்கறேன்."

கொக்கு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி அவளை மெல்ல ஓரம் கட்டினான்.

"அக்கா, தப்பா நினைக்காதே. காலையிலேர்ந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன்... எனக்கும் அது வாத்து மாதிரிதான் தெரியுது."

அக்கா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தானைக் கூப்பிட்டாள்.

"ஏங்க... அந்தச் சாணைக்கல்லை எங்கே வெச்சீங்க?"