அரைக் கடலை

"ஐயோ அக்கா... அத்தத்தண்டி துண்டையா கொழந்தை கையில குடுக்கறீங்க!"

குளிக்கப் போக டவலோடு படியிறங்கி வந்த லோகப்பிரியா போட்ட சத்தத்தில், பத்து மாதக் குழந்தை நிதீஷ் திடுக்கிட்டுக் கையிலிருந்த அரசாணிக்காய் என்னும் மஞ்சள் பூசணித் துண்டைக் கீழே போட்டுவிட்டான்.

செவ்வந்தி பதறவில்லை. தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காட்டினாள். வெண்ணெய் போல நசுங்கியது.

"பாரு பிரியா, ஆவியில நல்லா வேகவெச்சிருக்குது. விரல் நீளத்துக்கு வெட்டிக் குடுத்தா அவனே புடிச்சுத் திம்பான்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? இன்னும் மிக்சியில அடிச்ச கூழையே ஊட்டிட்டிருந்தா எப்பத்தான் மென்னு திங்கப் பழகுவான்?"

"டாக்டர் சொன்னாங்க, டாக்டர் சொன்னாங்க! நேத்து இட்லியத் தின்னுட்டுக் குமட்டுனானே... எனக்கு உசுரே போயிருச்சு!"

"குமட்டுனா அவனே இருமி வெளிய தள்ளிப்போடுவான் கண்ணு. சத்தம் வந்தாப் பயமில்லை. சத்தமே வராமப் போனாத்தான் பயம்."

"எனக்குப் பாடம் வேண்டாங்க அக்கா. நான் குளிச்சுட்டு வாரேன். கூழையே ஊட்டிருங்க!"

விருட்டென்று திரும்பிப் படியேறிப் போனாள். செவ்வந்திக்குக் கோபம் வரவில்லை. பெற்றவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சூலூரில் அந்த வீட்டுக்கு அவள் மூத்த மருமகளாக வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மடி நிறையவில்லை. கணவன் பாலகோபால் விசைத்தறிக் கூடமே கதியென்று கிடப்பவன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து, அந்தப் பிள்ளைகளின் கூச்சலில் தன் குறையை மறந்திருந்தாள். கொழுந்தன் சுரேந்தருக்கும் லோகப்பிரியாவுக்கும் நிதீஷ் பிறந்து, லோகப்பிரியா வங்கியில் எடுத்திருந்த பிரசவ விடுமுறை முடிந்ததும், யாரும் கேட்காமலேயே செவ்வந்தி தன் டீச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவள் செய்திருந்தாள். ஐந்தாம் மாதத்தில், சுரேந்தர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டது. லோகப்பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோபியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் யார் அழைத்தும் வரவில்லை. செவ்வந்திதான் நேரில் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். "இன்னொருக்கா இவரோட அஜாக்கிரதையால எம்பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுதுங்க அக்கா!" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் காரில் ஏறினாள்.

கூழைச் சூடு பண்ண செவ்வந்தி அடுப்படிக்குள் போன நேரம், சுரேந்தர் கம்பெனிக்குக் கிளம்பி வந்தான். வாயில் கடலை மிட்டாய்.

"அண்ணி, வாரேனுங்க!" என்றவன், குழந்தையிடம் குனிந்து கொஞ்சினான். "என்றா தங்கம், உனக்கும் வேணுமா? இந்தா... அப்பன் தாரேன் பாரு!"

சொன்னது காதில் விழுந்ததுமே செவ்வந்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் அவன் வாசலுக்குப் போய்விட்டான். பைக் உறுமும் சத்தம் கேட்டது.

நிதீஷ் வாயைத் திறந்தபடி இருந்தான். இருமல் இல்லை. அழுகை இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை! கண்கள் மட்டும் அவளையே பார்த்து மிரண்டன. உதடு நீலம் பாரித்தது.

செவ்வந்தி தாமதிக்கவில்லை. குழந்தைகளுக்கான முதலுதவியைக் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த அன்று லோகப்பிரியாவுக்கு லீவு கிடைக்காததால் அவள்தான் போயிருந்தாள். குழந்தையை வாரி எடுத்து, தலை கீழே தாழ முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதுகின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். ஒன்று... இரண்டு... மூன்று...

"அக்கா! கொழந்தைய அடிக்கறீங்களா!"

படியில் லோகப்பிரியா. ஈரத் தலையோடு உறைந்து நின்றாள்.

செவ்வந்தி நிறுத்தவில்லை. நான்காவது தட்டில், வெல்லப் பிசுபிசுப்போடு ஓர் அரைக் கடலை தரையில் வந்து விழுந்தது. அடுத்த நொடி நிதீஷ் வீரிட்டு அழுதான். உலகத்திலேயே இனிமையான சத்தம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கடலையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

லோகப்பிரியா பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கினாள். சத்தம் கேட்டு மாமியார் தெய்வாத்தாள் உள்ளேயிருந்தும், சுரேந்தர் வாசலிலிருந்தும் ஓடிவந்தார்கள்.

"நான் சொல்லச் சொல்லக் கேக்காம அந்தத் துண்டைக் குடுத்தீங்கல்ல? தொண்டையில சிக்கிப்போச்சில்ல? குடுக்கறதையும் குடுத்துப்போட்டு, பச்சக் கொழந்தைய இப்படியா முதுகுல போட்டு அறைவீங்க! வயித்துல சுமந்து பெத்திருந்தாத்தானே உங்களுக்குத் தெரியும்!"



"பிரியா!" என்று தெய்வாத்தாள் அதட்டினாள்.

செவ்வந்தி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் பார்வை அவளுடைய மூடிய கைக்குப் போனது. புரிந்துவிட்டது. முகம் வெளிறியது. வாய் திறந்து... மூடிக்கொண்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி நீங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் இரண்டாகிவிடுமே!

"என்ற தப்புத்தான் பிரியா... நான் அவனை உட்டுட்டு அக்கட்டால போயிருக்கக் கூடாது," என்றாள் செவ்வந்தி. "மொதல்ல டாக்டர்கிட்டப் போலாம் வா."

"நீங்க வர வேண்டாம்!"

"அவ வரட்டும் அம்மணி," என்றாள் தெய்வாத்தாள். "என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஆள் வேணுமில்ல?"

காரில் கிளம்பினார்கள். ஓட்டிக்கொண்டிருந்த சுரேந்தர் இரண்டு முறை கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தான். இரண்டு முறையும் அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விமலாராணி நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எது சிக்குச்சு?"

"அரசாணிக்காய்ங்க டாக்டர். இவங்கதான் குடுத்தாங்க!" என்றாள் லோகப்பிரியா.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "நல்லா வெந்த அரசாணி இப்படி அடைக்கறது அபூர்வம். எனக்குச் சரியாத் தெரியணும். கடலை, பருப்பு மாதிரி ஏதாவதுன்னா ஒரு துணுக்கு நுரையீரலுக்குள்ள போயிருக்கலாம். இப்ப அழறான், சிரிக்கறான்னு கூட்டிட்டுப் போயிருவீங்க. ரெண்டு நாள் கழிச்சு மூச்சு இரைக்கும்."

செவ்வந்தி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுவரை மூடியே வைத்திருந்த கையை நீட்டி விரித்தாள்.

"கடலைங்க டாக்டர். கடலை மிட்டாய். நா... நான்தான் குடுத்தேன்."

லோகப்பிரியாவின் கண்கள் விரிந்தன. டாக்டர் செவ்வந்தியை உற்றுப் பார்த்தார். "நீங்களா? வேகவெச்ச கேரட்டக்கூட நசுக்கிப் பாத்துக் குடுக்கறவங்க நீங்க. சரி, குடுத்த துண்டு எவ்வளவு பெரிசு? அதுல எத்தனை கடலை இருந்துச்சு?"

செவ்வந்தி நிதீஷைப் பார்த்தாள். பழியைச் சுமக்கலாம். குழந்தையின் மூச்சு விஷயத்தில் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்ல முடியுமா? அவள் திரும்பிச் சுரேந்தரைப் பார்த்தாள்.

"தம்பி... சொல்லிப்போடுங்க. நமக்குக் கொழந்தை உசுருதான் பெரிசு."

சுரேந்தர் உடைந்துபோனான். சட்டைப் பையிலிருந்து பாதி தின்ற மிட்டாயை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நான்தானுங்க டாக்டர்! நகத்தளவு கிள்ளி வாயில வெச்சேன். ஒரு அரைக் கடலதானுங்க இருந்துச்சு, மத்ததெல்லாம் வெல்லம். பிரியா... அண்ணி குடுக்கவே இல்லை. எம்மேல விழ வேண்டிய பழிய அவங்க சுமந்தாங்க. நான் வாயத் திறக்காம நின்னேன்... நான் மனுசனே இல்லை!"

டாக்டர் அந்த அரைக் கடலையைத் திருப்பிப் பார்த்தார். "முழுசா வந்திருக்குது. ரெண்டு பக்கமும் மூச்சு சமமா ஓடுது. இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் இங்கயே வெச்சுப் பாப்போம்." பிறகு லோகப்பிரியாவிடம் நிதானமாகச் சொன்னார்: "அவங்க அடிக்கலைம்மா. அந்த நாலு தட்டு விழாம நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தா, பாதி வழியில என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல விரும்பல."

வராந்தா பெஞ்சில் செவ்வந்தி தனியாகப் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே குழந்தையோடு வந்த லோகப்பிரியா அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... அந்த வார்த்தைய எந்த வாயால சொன்னேன்! என்னை ரெண்டு அறை அறைஞ்சுபோடுங்க அக்கா..."

"வலிக்கலைன்னு சொன்னாப் பொய்யி, பிரியா," என்றாள் செவ்வந்தி. குரல் உயரவில்லை. "பதினாலு வருசத்துல ஊர்க்காரங்க எத்தனையோ பேரு சொல்லியிருக்காங்க. நீ சொன்னதுதான் உள்ள போயிருச்சு. இனி நம்ம ஊட்டுல யாரும் யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது."

லோகப்பிரியா விம்மினாள். சற்றுத் தள்ளி நின்ற கணவன் பக்கம் வெறுப்போடு திரும்பினாள். "நான் கோபிக்கே போயிர்றேன். இந்த மனுசனோட இனி..."

"போகாத." செவ்வந்தி அவள் தோளைப் பிடித்தாள். "பயந்துதான் வாய மூடுனாரு. நீ போயிருவேங்கற பயம். கடசீல மிட்டாய எடுத்து வெச்சாரில்ல? தம்பி, இங்க வாங்க. இனி காலையில பையனுக்கு ஊட்டறது உங்க வேலை. போனை உள்ள வெச்சுட்டு, எதிர்ல உக்காந்து, கண்ணை எடுக்காம. எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லித் தாரேன். அந்த முதலுதவிய டாக்டரம்மாகிட்டக் கேட்டு ரெண்டு பேருமே கத்துக்கோணும்."

"சரிங்க அண்ணி..." என்றான் சுரேந்தர்.

மதியம், டாக்டர் சம்மதித்த பிறகு, தெய்வாத்தாள் அனுப்பியிருந்த பூவன் பழத்தை லோகப்பிரியாதான் உரித்தாள். நன்றாகக் கனிந்த பழம். விரல் நடுவில் அழுத்திப் பார்த்தாள். நீளவாக்கில் பிய்த்தாள். "இத்தத்தண்டி போதுங்களா அக்கா?"

"போதும் கண்ணு. அவன் கையில குடு. வாயில வெக்காத. அவனே எடுத்துட்டுப் போகட்டும்."

நிதீஷ் பழத்தை இறுக்கிப் பிடித்தான். பாதி விரலிடுக்கில் பிதுங்கியது. மீதியை நக்கினான், கடித்தான், ஈறால் அரைத்தான், விழுங்கினான். மூன்று பெரியவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவன் சிரித்தான். கையில் ஒட்டியிருந்த கொழகொழப்பை எட்டிச் செவ்வந்தியின் வாயில் கொண்டுபோய் வைத்தான்.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தப் பிஞ்சுக் கையை உதட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். லோகப்பிரியா எழுந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அழாதீங்க அக்கா... அழாதீங்க. உங்க பையன்தான் ஊட்டறானுங்க. தின்னுங்க."