உச்சியில்தான் சிக்னல்

அவர் நின்ற பிறகும் ஓர் அடி கேட்டது.

முதல் தடவை கண்ணாடிக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடை வெயிலில் முறுகிப்போன புல், காலுக்கடியில் சரளை, போதாக்குறைக்கு முதுகில் ஆடும் பை. எதிலிருந்து வேண்டுமானாலும் சத்தம் வரும். இரண்டாவது தடவை வேண்டுமென்றே சட்டென்று நின்றார். பத்தடி பின்னால் சரளையில் ஒரு கால் பதிந்து அடங்கியது. திரும்பிப் பார்த்தார். ஒற்றையடிப் பாதை, முழங்கால் உயரப் புதர்கள், அடிவாரத்தில் தீப்பெட்டி அளவுக்கு அவருடைய பழைய கார். ஓர் ஆள் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. வாரம் முழுக்க மெஷின் இரைச்சலில் குனிந்து கிடப்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை யாரும் ஏறாத குட்டி மலை ஒன்று வேண்டும். பேர்பெற்ற மலைகள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். வரைபடத்தில் பெயரே இல்லாமல் வெறும் உயரம் மட்டும் போட்டிருக்கும் குன்றாகத் தேடிப் பிடிப்பார்.

"அந்த மொட்டைப் பாறையில அப்படி என்னதான் சார் இருக்கு?" என்று முதலாளி கேட்பார்.

"நீங்க யாரும் இல்லையே சார், அது போதாதா?" என்பார் இவர்.

சிரிக்கச் சொல்வதுதான். ஆனால் மனைவி போன பிறகு, நாலு பேர் நடுவில் இருக்கும்போதுதான் அவருக்குத் தனிமை அதிகமாக வலித்தது.

வீட்டில் பதினான்கு வயது மகள் மட்டும். காலையில் வேலைக்குப் போன அம்மா விபத்தில் சிக்கித் திரும்பி வராமலே போனதிலிருந்து, அப்பா வெளியே போனால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். மலை உச்சிக்குப் போனதும் ஒரு மெசேஜ், இறங்கிக் காரில் உட்கார்ந்ததும் இன்னொன்று. இரண்டாவது வரும்வரை அவள் சாப்பிடமாட்டாள். சிக்கல் என்னவென்றால், இந்த மாதிரிக் குன்றுகளில் உச்சியில்தான் சிக்னல். அடிவாரத்தில் துளிகூடக் கிடைக்காது. ஆகவே இரண்டையும் உச்சியிலிருந்தே அனுப்பிவிடுவார். பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடட்டுமே என்றுதான்.

உச்சியில் காற்றே இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை உட்கார்ந்ததும் பேன்ட்டைத் தாண்டிச் சுட்டது; தூரத்தில் நகரம் புழுதி மூடிக் கிடந்தது; ஒரு பூச்சிகூடக் கத்தாத அந்த அமைதியில் தன் தொண்டை தண்ணீர் விழுங்குவது அவருக்கே பெரிதாகக் கேட்டது. "மேல வந்துட்டேன் கண்ணு" என்று அனுப்பினார். அப்போதுதான் அந்த வாடை வந்தது. லென்ஸ் தேய்க்கும் பசையும் பழைய வியர்வையும் கலந்த வாடை. சாயங்காலங்களில் தன் சட்டையில் வருவது. இன்று அவர் போட்டிருந்தது துவைத்த சட்டை. வாடை வந்தது பின்னாலிருந்து.

திரும்பவில்லை. அவசரமாக அடுத்த மெசேஜை அடித்தார்: "இறங்கிட்டேன். கார்ல ஏறிட்டேன். வந்துட்டே இருக்கேன்." அனுப்பினார்.

சரளை நொறுங்கியது. காலடிகள் அவரை ஒட்டினாற்போல் கடந்து, அவசரமே இல்லாமல், பாதையில் கீழே இறங்கிப் போயின. பாதையில் யாரும் இல்லை.

கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அவரும் இறங்கினார். நடுநடுவே நின்று பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. வெயிலில் மண்டை குழம்பியிருக்கிறது, வயசாகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடிவாரம் வரும்போது மனசு லேசாகிவிட்டிருந்தது.

கார் இல்லை.

புல் நசுங்கிய இடம் இருந்தது. எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது.

போனை எடுத்தார். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மகள் தனியாக இருக்கிறாள். அப்பா வருவார் என்று கதவைத் திறப்பாள். அவர்தான் சொல்லியிருக்கிறாரே.

மறுபடி மலையேறினார். ஏறினார் என்பதைவிடத் தவழ்ந்தார் என்பதுதான் சரி. முழங்கை சிராய்த்தது. மூச்சு முட்டியது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை கூட யாருமில்லை. நிஜமாகவே யாருமில்லை. அதுதான் அவரை வதைத்தது.

உச்சி. ஒரு கோடு. அழைத்தார்.

"ஹலோ, யாருங்க?"

"கண்ணு! அப்பாடா!"

"ஹலோ? ஒண்ணுமே கேக்கலைங்க, மூச்சு வாங்குற சத்தம்தான் வருது. நீங்க பேசுறது எங்கப்பா போன்ல. மலையிலயே விட்டுட்டு வந்துட்டாராம். நீங்க எடுத்து வச்சிருக்கீங்களா?"

"வெளிய ஓடிடு! கண்ணு, வெளிய ஓடு!"

"அப்பா, யாரோ உங்க போனை எடுத்திருக்காங்க. பேசவே மாட்டேங்கிறாங்க."

வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. அவருடைய குரல். வேலை முடிந்து வரும் அதே களைப்பு.

"விடு கண்ணு. வா, சாப்பிடலாம்."

போனை மேஜையில் வைக்கும் சத்தம். அழைப்பை அவள் துண்டிக்கவில்லை. நாற்காலி இழுபட்டது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. ஏதோ சொல்லிச் சிரித்தாள். பல நாளாக அவளை அப்படிச் சிரிக்கவைக்க அவரால் முடிந்ததில்லை.

கத்தினார். தொண்டை கிழிந்தது.

"அப்பா, எதுக்கு லைட்டை அணைச்சீங்க?"



"அப்பா?"

ஓர் அடி நகர்ந்தாலும் சிக்னல் போய்விடும். அவர் நகரவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருட்டில், கேட்டபடியே நின்றார்.