இடது கை வரைந்த நட்சத்திரம்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓலைக் கூரை போட்ட சின்னத் தேவாலயம் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகப் பிள்ளைகள் அங்கே ஒரு பெரிய வெள்ளைத் துணியில் பெத்லகேம் ஊரைக் கரியால் வரைந்துகொண்டிருந்தார்கள்.

நட்சத்திரம் வரையும் வேலை சலோமிக்கு. அவளுக்கு இடது கைப் பழக்கம். வீட்டுத் தரையில் அவள் வரையும் படங்களை மிதிக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அன்று கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள்: "கோயில்ல நாலு பேரு பாப்பாங்க. சோத்தாங்கையால வரஞ்சிட்டு வா."

வலது கையால் வரைந்தாள். வந்தது நட்சத்திரம் இல்லை, கால் ஒடிந்த நண்டு.

"பெத்லகேம்ல இன்னா நண்டு?" என்றான் பாக்கியராஜ். எல்லாரும் சிரித்தார்கள். சலோமியும் சிரித்துவைத்து, துணியிலிருந்த கரியைத் தட்டி நண்டை அழித்தாள்.

ஐந்து வயது தானியேல் ஆடு வரைய வந்தான். கரித்துண்டை இடது கையில் எடுத்தான்.

"ஐய, பீச்சாங்கை. கோயில் துணிய தொடாத," என்றான் பாக்கியராஜ்.

தானியேல் கரியைக் கீழே வைத்தான். அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். சலோமி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஏசப்பா என் கைய மாத்தி வெச்சிட்டாரா?"

 தன் கையைப் பற்றி சலோமியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மெல்ல அவன் கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தது. அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"எனக்கும் இதே கைதான்டா," என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே தப்ப பண்ண அவரு இன்னா தூங்கிக்கினா இருந்தாரு? ஆசப்பட்டுதான் இப்பிடி செஞ்சிருக்காரு."

எழுந்து போய், எல்லாரும் பார்க்கக் கரியை இடது கையில் எடுத்தாள்.  நட்சத்திரத்தை வரைந்தாள். அதன் வால் நீண்டு, மாட்டுக்கொட்டகைக் கூரைவரை வழுக்கிக்கொண்டு வந்தது.

பாக்கியராஜ் குனிந்து அந்த வாலைப் பார்த்தான். பிறகு கரித்துண்டைத் தானியேலிடம் நீட்டினான். "இந்தா, ஆட்ட வரை."

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மா, நட்சத்திரத்தையும் சலோமியின் கரி படிந்த இடது கையையும் பார்த்தாள்.  முந்தானையால் அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.

தானியேலின் ஆட்டுக்கு ஐந்து கால்கள்.

"அஞ்சாவது எதுக்குடா?" என்றாள் சலோமி.

"அது வாலு, அக்கா."

கிறிஸ்துமஸ் அன்று அந்த ஆடு, குழந்தை இயேசுவின் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜம்மென்று நின்றது.