மாவு எழும் நேரம்

இன்னும் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

ரெஜினா சுவர்க் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்தாள். மூன்று இருபத்திரண்டு. ஆறு மணிக்கு அவள் கணவன் வியான்னியின் இடைக்குரலை மூடிவிடுவார்கள். ஒருவர் இறந்த நாற்பத்தோராம் நாள் மாலையில் மூட வேண்டும் என்பது சட்டம். மூடியதும், அவர் மனைவிக்கு நிஜமாகப் பேசி அனுப்பிய பதிவுகள் எல்லாம் கூடப்பிறந்தவர்களுக்கும் போய்ச் சேரும்.

வியான்னிக்குக் கூடப்பிறந்தவள் பிலோமினா ஒருத்திதான். அவள் ரெஜினாவின் சமையலறையில் நின்று மைதாவை நிறுத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் நாற்பது டன் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறவள். மாவு மட்டும் மேடையெல்லாம் சிந்தியிருந்தது.

"அரைக் கிலோ. சரியா மைனி?"

"சரி. தண்ணி முந்நூத்திப் பத்து மில்லி. வெதுவெதுப்பு போதும். சூடு ஏறுனா ஈஸ்ட் செத்துரும்."

"ஈஸ்ட் எவ்வளவு?"

"கால் ஸ்பூன். நம்ம ஊரு சூட்டுக்கு அதுவே சாஸ்தி."

பிலோ ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்தாள். உப்பை மாவில் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மாவு அவள் விரல்களுக்கு இடையில் பசையாக ஒட்டியது.

"இது என்ன மைனி, சேத்துல விழுந்த மாதிரி இருக்கு."

"ஒட்டத்தான் செய்யும். மறுபடி மாவு போடாத. பத்து நிமிசம் பிசை, தானா கையை விடும்."

பிலோ பிசைந்தாள். ரெஜினா பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வார்த்தைகள் எதுவும் அவளுடையவை அல்ல. வியான்னி சொல்லிக்கொடுத்தவை.

கப்பலுக்குப் போனவர்களின் பேரன்மார் டைட்டனுக்குப் போகும் காலம் அது. சனிக்கோளின் அந்த நிலவில், மீத்தேன் குழாய்களைப் பழுது பார்க்கும் வேலை வியான்னிக்கு. தூத்துக்குடியிலிருந்து ஒரு கேள்வி அங்கே போய், பதில் திரும்பி வர இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். ஒளியைவிட வேகமாகப் பேச்சு போகாது. பிட்சா மாவு ஒரு தடவை உப்பி எழவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். முதல் வருடம் ஞாயிறுதோறும் இருவரும் அப்படித்தான் பேசினார்கள். அவள் மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி அனுப்புவாள். மாவு எழும்போது பதில் வரும். வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை நிற்பதுபோல அந்த நேரம் இருக்கும்.

இரண்டாம் வருடம் இடைக்குரல் வந்தது. ஒருவர் பேச்சை ஆறு மாதம் கேட்டுப் பழகிக்கொண்டு, அவர் என்ன சொல்வாரோ அதை அவர் குரலிலேயே உடனுக்குடன் சொல்லிவிடும் சிறிய பெட்டி. உண்மையான பதில், நிஜக்குரல், தன் நேரத்துக்கு வந்து சேரும். இரண்டும் எவ்வளவு பொருந்தின என்று பெட்டி நூற்றுக்கு ஓர் எண் காட்டும். அதற்கு ஒப்பு என்று பெயர். பெரும்பாலும் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. பக்கத்தில் பச்சைப் புள்ளி. கேட்ட பேச்சையே இரண்டாம் முறை கேட்க யாருக்குப் பொறுமை? இரண்டு மாதத்தில், ஊரில் எல்லாரும் செய்ததையே ரெஜினாவும் செய்தாள். பச்சை என்றால் 'கேட்டாயிற்று' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

டைட்டனில் வியான்னியிடமும் ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒரு ரெஜினா. "இங்க இருக்கவ ரொம்ப நல்லவட்டி. நீ சண்டை போடுத எடத்துல அவ சிரிக்கா" என்று அவன் ஒருமுறை கேலி செய்தான். அதைச் சொன்னது நிஜக்குரலா இடைக்குரலா என்று இப்போது அவளுக்கு நினைவில்லை.

"மாவு கையை விட்டுட்டு மைனி!" பிலோ உருண்டையைத் தூக்கிக் காட்டினாள். வழவழவென்று இருந்தது. "பாத்தீங்களா? அண்ணன் இருந்தா நம்பவே மாட்டான்."

கிண்ணத்தில் எண்ணெய் தடவி, மாவை வைத்து, ஈரத்துணியால் மூடினாள். மூடும்போது அவள் உதடுகள் அசைந்தன. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த நினைவு அட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள். வியான்னியின் படம். பிறந்த தேதி, இறந்த தேதி. கீழே சாய்ந்த எழுத்தில்: 'மாவை மூடி வை. காத்து படாம பாத்துக்கோ. அவசரப்படாத, அது தானா எழும்பும்.'

அட்டையை அச்சிட்டது பிலோதான். விபத்துச் செய்தி வந்த இரவு அவள் அழுதுகொண்டே, "கடைசியா என்ன மைனி சொன்னான்?" என்று கேட்டாள். ரெஜினா காதில் இருந்ததைச் சொன்னாள். பூசையில் பங்குச் சாமியார் அதையே எடுத்துப் பிரசங்கம் வைத்தார். கோயில் முழுக்க அழுதது.

"சாமியாரும் ஆறு மணிக்கு வாராரு" என்றாள் பிலோ. "செபம் முடிஞ்சதும் அண்ணனோட நிஜக்குரலப் போட்டுரலாம். எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் சூடா பிட்சா."

"எல்லாரும் எதுக்கு பிலோ?"

"ஏன் மைனி, ஒங்களுக்கு மட்டும்தானா அவன்?" சொன்னவள் உடனே நாக்கைக் கடித்தாள். மாவுக் கையோடு ரெஜினாவின் தோளைப் பிடித்தாள். "கோவிக்காதீங்க. நான் என்னத்த நெனச்சு மனசத் தேத்துதேன் தெரியுமா? அன்னைக்கு நம்ம நேரம் பன்னெண்டு மணிக்கு, டைட்டன்ல அவங்க இருந்த கூடத்துல காத்து கசிய ஆரம்பிச்சுருக்கு. கதவு தொறக்கல. அஞ்சு மணி வரைக்கும் உசிரோட இருந்திருக்காங்க. அந்த அஞ்சு மணி நேரத்துல ஒங்ககிட்ட பேசிட்டானே. பயப்படக்கூடாதுன்னு ஒண்ணும் சொல்லாம, மாவப் பத்திப் பேசிட்டுப் போயிருக்கான் பாருங்க. எனக்கு அது போதும்."

ரெஜினா மேடையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு கைத்துண்டால் மூடி, அந்தப் பெட்டி இருந்தது. நாற்பது நாளாக அவள் துண்டை எடுக்கவில்லை.

பிலோ தக்காளியை வதக்கினாள். பூண்டு நறுக்கினாள். நாற்காலிகளை அடுக்கினாள். அண்ணன் சின்ன வயதில் மக்ரூனைத் திருடித் தின்றுவிட்டு அவள்மேல் பழி போட்ட கதையைச் சொல்லித் தனியாகச் சிரித்தாள். நேரம் போனது. வெயில் சன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

ஐந்து ஐம்பதுக்குத் துணியை விலக்கினார்கள். மாவு கிண்ணத்தின் விளிம்புவரை எழுந்திருந்தது. ரெஜினா ஒரு விரலால் மெல்ல அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

"சரியா வந்துட்டா மைனி?"

"வந்துட்டு." கையை எடுக்காமல் சொன்னாள். "பிலோ, அடுப்பை அமத்திட்டு இப்படி உக்காரு."

பிலோ உட்கார்ந்தாள்.

"அந்த அட்டையில இருக்கது ஒங்க அண்ணன் சொன்னதில்ல. இடைக்குரல் சொன்னது."

பிலோ ஒரு கணம் விழித்தாள். பிறகு லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "அதுக்கென்ன மைனி. ரெண்டும் ஒண்ணுதான? ஒப்பு எப்பவும் தொண்ணூத்தேழு வருமே."

ரெஜினா பெட்டியிலிருந்து துண்டை எடுத்தாள். சிவப்புப் புள்ளி. ஒப்பு மூன்று. நீளம் நான்கு நிமிடம் பதினொரு விநாடி. கேட்கப்படவில்லை.

பிலோவின் கை தானாக வாய்க்குப் போனது.

"அன்னைக்குப் பதினொண்ணரைக்கு நான் மாவுக்கு எவ்வளவு தண்ணின்னு கேட்டேன்" என்றாள் ரெஜினா. "இடைக்குரல் ஒடனே சொல்லிட்டு. மூடி வைக்கச் சொன்னது, தானா எழும்பும்னது, எல்லாம் அதுதான். நிஜக்குரல் ரெண்டு மணி சுமாருக்கு வந்துச்சு. செவப்பா இருந்துச்சு. நான் பாத்தேன், பிலோ. பாக்கலன்னு சொல்ல மாட்டேன். பிட்சா அடுப்புல இருந்துச்சு. பொறவு கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

"மைனி..."

"அப்பவே கேட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தா, மூணரைக்கு ஒங்க அண்ணனுக்குப் போய்ச் சேந்திருக்கும். அஞ்சு மணி வரைக்கும் இருந்தாவன்னு நீதான சொன்ன."

வெளியே வாசல் மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ அண்ணன் அங்க... தனியாவா?"

"தனியா இல்ல. அந்தப் பெட்டி ரெஜினா பேசியிருப்பா. சிரிச்சுக்கூட இருப்பா." அவள் மாவு ஒட்டியிருந்த விரலைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள். "அவியகூட இருந்தது நான் இல்ல, பிலோ. நான் இங்க உக்காந்து பிட்சா தின்னுட்டு இருந்தேன்."