திருகாணி இல்லாத மின்விசிறி

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் ஓடாத ஒரு மின்விசிறி. அதற்குப் பின்னால் வாலுவின் அம்மா. வாலு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வாலுவுக்குப் பத்து வயது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அம்மா வேலை பார்ப்பது மின்விசிறித் தொழிற்சாலையில். அங்கே செய்த விசிறி நின்றுபோனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. தூக்கிப் போட்டதெல்லாம் சேர்ந்து ஊர்க் குப்பைமேட்டில் மலையாக நின்றது. அதனால் ஒரு புதுப் பிரிவு யோசித்திருந்தார்கள். பழைய விசிறியைத் திருப்பி வாங்கிப் பழுது பார்த்து மறுபடியும் விற்பார்கள். பசை ஒட்ட இயந்திரம் வரப்போவதால், அந்த வேலையைச் செய்துவந்த அம்மாவையும் கூட வேலை செய்யும் ஆறு அக்காக்களையும் இதில் சேர்ப்பார்கள்.

ஆனால் முதலாளியம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முதல் விசிறியை உடைக்காமல் திறந்து தன் கண் முன்னால் ஓட வைக்க வேண்டும். முடியாவிட்டால் பிரிவு கிடையாது. ஏழு பேருக்கும் வேலையும் கிடையாது.

புதுப் பிரிவின் தொடக்க விழாவை நடத்தியவர் மேலாளர். எல்லோரும் அவரை 'மைக் சார்' என்பார்கள். மைக்கைப் பிடித்தால் அவர் கையிலிருந்து வாங்குவது கஷ்டம். அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினார். இனிமேல் எல்லாம் வட்டம் என்றார். வட்டம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். ஏழாவது வட்டத்தில் பூச்செண்டு கீழே விழுந்தது.

பிறகு ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியை அம்மாவிடம் நீட்டினார். உள்ளே பளபளவென்று முப்பத்திரண்டு ஸ்க்ரூ டிரைவர்கள். கூட்டம் கைதட்டியது.

அம்மா விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. மோட்டார் மூடி முழுக்கப் பசையால் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் வேறு யாருமில்லை, அம்மாவேதான். ஒன்பது வருடத்தில் அம்மா ஒட்டிய ஒரு மூடியாவது பிரிந்தது கிடையாது. அதற்காக மைக் சார் கையால் இரண்டு தடவை சான்றிதழ்கூட வாங்கியிருந்தார்.

அம்மா மெல்லிய டிரைவர் ஒன்றை எடுத்து மூடியின் இடுக்கில் நெம்பினார். 'கிரக்' என்று ஒரு சத்தம். மூடியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் பத்து நிமிடம்தான் இருப்பேன் என்றார்.

மைக் சார் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று கிசுகிசுத்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் அது எல்லோருக்கும் கேட்டது.

வாலுவால் உட்கார முடியவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் போய்விட்டாள். நெம்ப நெம்ப உடையத்தான் செய்யும் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்தாள். அதில் சின்னச் சின்னதாகச் சூட்டுத் தழும்புகள்.

"அம்மா, பசை ஊத்தறப்போ கொதிக்குமா?"

"அதை ஏன்டி இப்போ கேக்கற?"

"ஆறினதும்தானே கெட்டியாகுது? மறுபடி சூடு பண்ணினா?"

அம்மா டிரைவரைக் கீழே வைத்தார்.

யாரும் இதுவரை திறந்தே பார்க்காத பொருள். அதனால் யாரும் இதுவரை யோசிக்கவும் இல்லை.

மேடை ஓரத்தில் டீக்கார அண்ணன் விருந்தினர்களுக்காக வெந்நீர் கொதிக்க வைத்திருந்தார். வாலு கேட்டதும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, துணி சுற்றிக் கொடுத்தார்.

"மின்சாரச் சாமான் மேல தண்ணியா?" என்று மைக் சார் பதறினார்.

"தண்ணி டம்ளருக்குள்ளதான் சார் இருக்கும். டம்ளரோட சூடு மட்டும்தான் விசிறிக்கு."

அம்மா டம்ளரின் அடிப்பாகத்தை மூடியின் விளிம்பில் அழுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். டம்ளர் ஆறிப்போனது. இன்னொன்று வந்தது. அதுவும் ஆறியது. மூடி அசையவில்லை. முதலாளியம்மா எழுந்து நின்றார். கைப்பையைத் தோளில் மாட்டினார்.

நான்காவது டம்ளரில் விளிம்பு லேசாக நெகிழ்ந்தது. அம்மா நகத்தால் மெதுவாகத் தூக்கினார். பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மூடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

உள்ளே ஒரு கம்பி கழன்றிருந்தது. அவ்வளவுதான். இத்தனை நாளும் இதற்காகவா தூக்கிப் போட்டோம் என்று ஒரு அக்கா முணுமுணுத்தார். அம்மா கம்பியை அதன் இடத்தில் முறுக்கி மாட்டி மூடியைப் பொருத்தினார். பொத்தானைத் தட்டியதும் விசிறி சுழன்றது. மைக் சாரின் பேச்சுத் தாள்கள் முன்வரிசைவரை பறந்தன.

இந்த வெந்நீர் முறை தம் நிர்வாகத்தின் நீண்டகாலத் திட்டம் என்று மைக் சார் ஆரம்பித்தார். முதலாளியம்மா அவரிடமிருந்து மைக்கை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். பிரிவு நாளைக்கே தொடங்கட்டும், வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்.

இனி செய்யும் விசிறிகளுக்குப் பசையே வேண்டாம், நாலு ஸ்க்ரூ போதும் என்றார் அம்மா.

"இத்தனை வருஷம் பசைதானேம்மா நல்லா இருந்தது?" என்றார் மைக் சார், பரிதாபமாக.

"நல்லாத்தான் சார் இருந்தது. இனிமே நான்தானே திறக்கணும்."