பாட்டுக்கு அடியில் ஓடிய லாரி

தாம்பாளத்தில் இருந்த கொட்டைப்பாக்குகள் தானாக உருண்டன. பூமயில் தட்டை இறுகப் பிடித்தாள். தட்டு மட்டுமா... ஜன்னல் கண்ணாடி, நிலைக்கதவு, அவள் மூக்குத்தி வரைக்கும் நடுங்குவது போலிருந்தது.

நாளைக் காலையில் அண்ணன் கல்யாணம். கடலாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், அவர்கள் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். பந்தலின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள். அவற்றிலிருந்து பாட்டோடு சேர்ந்து ‘உர்ர்ர்...’ என்று ஓர் உறுமல். வெளியே ஐப்பசித் தூறல்.

விறுவிறுவென்று போனாள்.

“ஏங்க... அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க!”

இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அடர்ந்த இமைகள்... அவற்றுக்குள்ளே இன்னும் தூக்கம் கலையாதது போன்ற பெரிய கண்கள். மேலே சொல்ல வந்தது அவளுக்கு ஒரு நொடி மறந்தே போனது.

“பாட்டு பிடிக்கலையாங்க? வேற போடுறேன்.”

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. பாட்டுக்கு அடியில லாரி ஓடுதே... அதை யாரு போட்டது?”

கல்யாணத்துக்குப் பாட்டு செட்டு போட வந்த சாயல்குடி குருநாதனுக்கு முகம் சிவந்தது. முரசுச் சத்தத்தை அதிரவைக்கிற ‘சப் ஊஃபர்’ பெட்டி, ஜில்லாவிலேயே முதல். ஆசை ஆசையாய்ச் செய்யச் சொல்லி வாங்கி, முதன்முதலாக இந்தப் பந்தலில்தான் வைத்திருக்கிறான்.

“இதுக்குப் பேரு பேஸ். நெஞ்சுல வந்து இடிக்கணும். மதுரையில போய்க் கேட்டுப் பாருங்க.”

“மதுரையிலயும் பாக்கு ஓடுமா?”

அந்த நேரம் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கும்வரை ஊசிக்கு அடியில் இசைத்தட்டு வெறுமனே சுற்றியது. பெட்டி மட்டும் ‘உர்ர்ர்...’

“இப்ப யாரு பாடுறா?” என்றாள், இடுப்பில் கைவைத்து.

அவன் பெட்டியைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான். இவ்வளவு அழகான பெண் இவ்வளவு சரியாகவா கேள்வி கேட்க வேண்டும்!

அதற்குள் அவள் தகப்பனார் மருதுபாண்டி வந்துவிட்டார். “ஏப்பா, பந்தக்கால் ஆடுது. பெட்டியக் கழட்டிரு. பழைய குழாய் ஸ்பீக்கரையே கட்டு.”

குருநாதன் குனிந்து ஒயரைப் பிடுங்கப் போனான். சுத்துப்பட்டு ஊரெல்லாம் கூடியிருக்கிறது. இங்கே கழற்றினால் இனி யார் கூப்பிடுவார்கள்... அவன் பெட்டியை ஒருமுறை தடவிக்கொடுத்ததைப் பூமயில் பார்த்துவிட்டாள். 

“அய்யா, செத்த பொறுங்க. சரி பண்ணிருவாரு.”

அவர் போனதும் மெல்லக் கேட்டாள். “பண்ணிருவீங்கள்ல?”

“தட்டு சுத்துற பிளேயரைப் பெட்டி மேலேயே வச்சது தப்புங்க. பெட்டி அதிர, ஊசியும் அதிருது. ஊசி அதிர்றது மறுபடி பெட்டிக்கே போகுது...”

இருவரும் சேர்ந்து பிளேயரை வீட்டுக்குள் தூக்கிப் போனார்கள். ஒரு நொடி விரல் பட்டது... இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். உள்ளறையில் கனத்த கருங்கல் பலகை கிடந்தது. அதில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாகச் சுற்றி, மேலே பிளேயரை வைத்தான். உறுமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை.

“மிச்சம் மோட்டாரோட அதிர்வு. இசைத்தட்டு நெளிஞ்சிருந்தாலும் வரும். பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆம்பிளிபயருக்கு முன்னால ஒரு ஃபில்டர் வச்சா, அந்த உறுமல் மட்டும் நின்னுரும்.”

“டீ வடிகட்டி மாதிரியா?”

“அதேதான்.”

“அப்ப வைக்க வேண்டியதுதான?”

குருநாதன் தலையைக் குனிந்தான். “பெட்டி செஞ்ச சதக்கத்துல்லா பாய் அன்னைக்கே ஃபில்டரையும் கையில கொடுத்தாரு. அதை வச்சா அதிர்வு குறைஞ்சிரும், உங்களுக்குத் தொழில் தெரியலைன்னு கத்திட்டு வந்துட்டேன். கடலாடியிலதான் கடை. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?”

“நனைஞ்ச மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போங்க. பாவம்னு கொடுத்துருவாரு.”

சிரித்துவிட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான்.

பூமயில் வேலைக்கிடையே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘எவனோ ஒருத்தன்... எனக்கென்ன வந்தது?’ என்று கேட்டுக்கொண்டாள். மறுபடி வாசலுக்கே வந்து நின்றாள்.

தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான். சட்டைக்குள் காகிதத்தில் சுற்றிய சின்னத் தகரப் பெட்டி மட்டும் நனையவில்லை.

“மன்னிப்புக் கேட்டேங்க. பாய் திட்டவே இல்ல. டீ வாங்கிக் கொடுத்தாரு!”

இணைத்தான். ஊசி இறங்கியது. முரசு கும்மென்று வந்தது, குரல் அதன்மேல் தெளிவாக எழும்பியது. பந்தலில் பேச்சு அடங்கியது. மருதுபாண்டி பெட்டிக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்ததும்... உறுமல் இல்லை. பந்தல் கீற்றில் மழை விழுகிற சத்தம் மட்டும்.

மறுநாள் தாலி கட்டி, பந்தி முடிந்து, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான் குருநாதன். பூமயில் மோர் கொண்டுவந்தாள்.

“அடுத்த விசேஷத்துக்கும் உங்க செட்டுதான்னு அய்யா சொல்லிட்டாரு.”

“அடுத்த விசேஷம் யாருக்கு?”

“எனக்குத்தான் இருக்கும்...”

“அப்ப நான் செட்டு போட வர மாட்டேங்க.”

அவள் முகம் வாடியது. “ஏன்?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.  “மாப்பிள்ளையா வரணும்னு ஆசையா இருக்கு. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு பூமயில். ஆத்தாவைக் கூட்டிக்கிட்டு வந்து அய்யாகிட்ட கேக்கட்டுமா?”

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். கண் நிமிரவில்லை... இதழோரம் மட்டும் மலர்ந்தது.

“வெள்ளிக்கிழமை வாங்க. அய்யா வீட்டுல இருப்பாரு... நானும் இருப்பேன்.”