கருத்தம்மாளின் கல்

எழுபத்தொன்பதாம் வருடம் ஐப்பசியில், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து ஓரமாக இருந்த ஓட்டு வீட்டின் முன்னால் ஒரு ஜீப்பு வந்து நின்றது. மதியம்தான். ஆனாலும் மூடுபனியில் வீடு பாதிதான் தெரிந்தது. ஜக்கையன் முதலில் குதித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி ராமுத்தாயைக் கைத்தாங்கலாக இறக்கினான்.

ஜீப்பை ஓட்டி வந்தவர் அவன் அண்ணன் ராக்கையா. தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணி அவர்தான்.

“கீழ காட்டு வேலையில கெடந்து ஏன் அல்லாடணும்? பிள்ளைத்தாச்சிக்கு மலைக்காத்துதான் நல்லது. வீட்ட ஒங்களுக்குன்னே சரி பண்ணி வச்சிருக்கேன்.”

“உள்ள வாங்கண்ணே, காப்பி போடச் சொல்றேன்.”

“சோலி கெடக்குப்பா” என்றவர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

அப்பன் முகம் அறியாத ஜக்கையனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் ராக்கையா. ‘எனக்கு நீதாண்டா பிள்ளை’ என்று ஊரறியச் சொன்னவர். ஜக்கையன் சிறுவனாக இருந்தபோதே மூத்த மதினி கருத்தம்மாள் செத்துப்போனாள். இரண்டாவதாக வந்த குருவம்மாளுக்குக் கரு தங்கித் தங்கிக் கலைந்தது. இப்போது அவளும் முழுகாமல், கீழே ராசிங்காபுரத்து வீட்டில் இருந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணன் கொடுத்த வீட்டை ஜக்கையன் ஏன் சந்தேகப்படப் போகிறான்?

வீடு பழசு. வாசற்படி மட்டும் புதிதாகப் போட்டது. ஆனால் அந்தக் கல் பழைய கல். ஆள் நீளத்துக்கு ஒரே பலகையாக, நடுவில் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ராமுத்தாய் அதில் கால் வைத்ததும், “யாத்தே, என்ன இப்படிச் சில்லுனு இருக்கு” என்று இழுத்துக்கொண்டாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில்தான் முதல் தடவை அது கேட்டது.

தொம்.

தலைச்சுமையாக வந்த மூட்டையை யாரோ படியில் இறக்கி வைத்த சத்தம். யாராவது விறகு கொண்டு வந்திருப்பார்கள் என்று ஜக்கையன் கதவைத் திறந்தான். மூட்டையும் இல்லை, ஆளும் இல்லை. மூடுபனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. வெகுதூரம் மலையில் நடந்து வந்தவர்கள் மேல் அடிக்கும் வேர்வை வாடை மட்டும் வீசியது.

உள்ளே ராமுத்தாய் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா... என் மேல யாரோ எதையோ எறக்கி வச்ச மாதிரி இருக்கு.”

மறுநாள் அவள் கால் வீங்கியது. மெட்டி கழற்ற முடியாமல் விரலுக்குள் புதைந்தது. அடுத்து முகம் உப்பியது. தலை பிளக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள். பொழுது சாயும்போதெல்லாம் படியில் அந்தச் சத்தம். சத்தம் கேட்ட கையோடு அவள் முனகுவாள். ஜக்கையன் இரவெல்லாம் அவள் காலைப் பிடித்துவிட்டான். பிள்ளை போனாலும் போகட்டும், இவள் பிழைத்தால் போதும் என்று நினைத்தான். நினைத்ததற்காக அழுதான்.

தோட்டத்து மலையாள நர்சம்மா வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

“பிரஷர் ரொம்பக் கூடுதலாணு. வேகம் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இல்லெங்கில் ரெண்டு உயிரும் தங்காது.”

ஜக்கையன் அண்ணனிடம் ஓடினான். ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர் வாசலில் ராக்கையா ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும். லோடு போயிட்டு வரட்டும், நாளைக்குப் பாப்போம்” என்றார். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னார்.

மறுநாளும் அதையேதான் சொன்னார்.

அன்று மதியம், தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் கிழவி கருப்பம்மாள் ராமுத்தாய்க்குக் கஞ்சி கொண்டு வந்தாள். படியைப் பார்த்ததும் எடுத்து வைத்த காலைப் பின்னால் வாங்கினாள்.

“இந்தக் கல்லு எப்பிடி இங்க வந்துச்சு?”

“அண்ணன் போட்டது. ஏன் ஆத்தா?”

“இது ஒங்க மூத்த மதினி கல்லுய்யா. கருத்தம்மா கல்லு.”

வயிற்றில் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி நடுவது வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாற, இறக்காமலே போனவளின் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பது நம்பிக்கை. கருத்தம்மாள் பிரசவ வலியோடு போடிக்கு நடந்து இறங்கும் வழியில், ஒரு வளைவில் விழுந்து செத்தாள். அவளுக்கு வைத்த கல் அந்த வளைவில்தான் இருந்தது.

கருப்பம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “குருவம்மாவுக்குப் பிள்ள தங்காததுக்கு மூத்தவ சுமைதான் காரணம்னு கோடாங்கி குறி சொன்னானாம். அவ எறக்கி வைக்க வேற ஒரு வயித்தக் காட்டச் சொன்னானாம். ஒங்கண்ணந்தான் ஆளு வச்சுக் கல்லப் பேத்தாரு. அது ஒங்க வீட்டுக்குன்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாதுய்யா.”

ஜக்கையனுக்குப் பேயை நினைத்துப் பயம் வரவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்த அந்தத் தோள்தான் கண்ணுக்குள் வந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனான்.

“கல்ல எதுக்குண்ணே கொண்டாந்தீங்க?”

ராக்கையா இல்லையென்று சாதிக்கவில்லை. “எனக்கும் ஒரு பிள்ள வேணும்லடா” என்றார்.

“நாந்தான் ஒங்க பிள்ளைன்னீங்க.”

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்கள் உண்டு. இவர் தொட்டிலை ஆட்டி வளர்த்துவிட்டுக் கிள்ளினார்.

“ஜீப்ப எடுங்க. வெரசா.”

அரிவாளைப் பார்த்து ராக்கையா வண்டியை எடுத்தார். ராமுத்தாயைப் பின்னால் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டான் ஜக்கையன். வளைவுக்கு வளைவு மூடுபனி கெட்டியானது. அவள் பல் கிட்டத் தொடங்கியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஒரு வளைவில் இன்ஜின் அணைந்தது.

ராக்கையா இறங்கி முன்பக்கம் போனார். மேலிருந்து வரும் பழைய நடைபாதை அங்கேதான் ரோட்டில் வந்து சேர்ந்தது. ஓரத்தில் இரண்டு கற்கள் நின்றன. மேலே கல் இல்லை.

வாடை வந்தது. அதே வேர்வை வாடை.

“ஏங்க...”

நிற்கும் கற்களுக்கு நடுவிலிருந்து வந்தது குரல். களைத்துப்போன பொம்பளைக் குரல்.

“கொஞ்சம் எறக்கி விடுங்களேன்.”

சுமையோடு வருகிறவர் கை கேட்டால் அந்த மலைப்பாதையில் யாரும் மறுப்பதில்லை. பகையாளியாக இருந்தாலும் கை கொடுப்பார்கள். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கை தானாக எழும். ராக்கையாவின் கைகளும் எழுந்தன.

அவர் கழுத்து தோளுக்குள் இறங்கியது. முழங்கால் மடங்கியது. எதுவுமே இல்லாத தலைக்கு மேல் இரண்டு கையையும் முட்டுக் கொடுத்து நின்றார்.

ஜக்கையனின் மடியில் ராமுத்தாயின் உடம்பு தளர்ந்தது. அவள் நன்றாக மூச்சு விட்டாள். இன்ஜின் தானாகவே பிடித்துக்கொண்டது. குனிந்த கழுத்தோடு, கண்ணில் நீர் வழிய, ராக்கையா போடிவரை ஓட்டினார்.

மறுநாள் காலையில் பெண்பிள்ளை பிறந்தது. குறைமாதப் பிள்ளை, ஆனாலும் வீறிட்டு அழுதது. ராமுத்தாயும் பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டரம்மா சொன்னபோது ஜக்கையன் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ராக்கையா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. எலும்பில் கோளாறு எதுவும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

“தம்பி, ஒரு கை கொடுறா. கழுத்து முறியுது.”

ஜக்கையனின் கை எழப் பார்த்தது. இரண்டையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டான். அண்ணனுக்கு முதல் தடவையாக இல்லையென்று சொன்னான்.

அந்த நேரம் பிள்ளை வயிற்றோடு, கையில் தூக்குவாளியோடு குருவம்மாள் வந்தாள். பிள்ளை பிறந்த சேதி கேட்டு, பஸ்சு பிடித்து ஓடி வந்தவள். கல்லைப் பற்றியோ கோடாங்கியைப் பற்றியோ அவளுக்கு எதுவும் தெரியாது.

“என்னங்க இது, மூட்ட தூக்கினவுக மாதிரி குனிஞ்சு நிக்கிறீக?” தூக்குவாளியைக் கீழே வைத்தாள். “கொண்டாங்க, எறக்குவோம்.”

“மதினி, தொடாதீக!”

அவள் சிரித்தபடி கையை உயர்த்திவிட்டாள். அவளைத் தடுக்க வேண்டியவர் ராக்கையா. வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அவர் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. குருவம்மாள் சிரிப்பை நிறுத்தி, வயிற்றில் கை வைத்தபடி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

ஆளில்லாத தாழ்வாரத்துக் கோடியில் யாரோ ஒரு பொம்பளை ‘அப்பாடா’ என்று நீளமாக மூச்சு விட்டாள்.